முப்பத்தாறு கழுத்துகள்

எங்கள் டிப்போவில் அவருக்குக் கோட்டுக்கார அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், கோட்டும் சூட்டும் போட்ட யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து, தலையைச் சீவிக்கொண்டு பட்டறைக்குள் போவார்கள். உள்ளே கிரீஸ் அப்பிய நீலச் சட்டையோடு, தரையில் முழங்காலிட்டு, ஒரு சைக்கிளின் கழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார் அக்கா. அவர் தேடுவது உலோகத்தில் வெட்டிய ஒரு சின்னக் கோட்டை. அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்த வண்டி வெளியே போகாது. அவ்வளவுதான் சட்டம்.

எங்களுடையது மருந்து விநியோகம். கிடங்கிலிருந்து வீடுகளுக்கும் சின்ன மருத்துவமனைகளுக்கும் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஐம்பத்தைந்து சைக்கிள்கள் தினமும் கிளம்பும். சந்துகளில் வேன் நுழையாது. நான் பொட்டலம் கட்டும் ஹாலில் இருந்தேன். பட்டறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு தகரக் கதவுதான். அங்கே நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அக்காவின் அண்ணன் பின்னாளில் சொன்னார்.

ஹேண்டில்பாரை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கோடு சேர்க்கிற வளைந்த துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். பட்டறையில் கழுத்து என்பார்கள். பழைய வண்டிகளில் அது ஒரு நீளத் தண்டு. ஃபோர்க்கின் குழாய்க்குள் ஆப்பு மாதிரி இறங்கி நிற்கும். மேலே தெரிகிற ஒரே ஒரு போல்ட்டை இறுக்கினால், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு நகர்ந்து குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டுமென்றால் போல்ட்டைத் தளர்த்தி, மேலே இழுத்து, மறுபடி இறுக்கினால் போதும். ஆனால் கோட்டைத் தாண்டி இழுக்கக் கூடாது. தாண்டினால் உள்ளே பிடிமானத்துக்கு மிச்சமிருப்பது இரண்டு விரல்கடை இரும்புதான்.

அக்கா இருபத்திரண்டு வயதில் எங்கள் ஹாலில் பொட்டலம் கட்டத்தான் வந்தார். அவருடைய அண்ணன் அதே டிப்போவில் சைக்கிள் ஓட்டினார். நல்ல உயரம், சதா முதுகு வலி. ஒரு நாள் மதியம் தங்கையிடம் வந்து ஹேண்டிலைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஸ்பேனர் பிடிக்கிற கை. தூக்கினார். கோடு வெளியே வந்தது. ஒரு கோடு தெரிகிறதே என்று கேட்டதற்கு, கொஞ்சம் பெயிண்ட் அடித்தால் தெரியாது போ என்று அண்ணன் சிரித்தாராம். அக்காவும் சிரித்துக்கொண்டே இறுக்கினார்.

பதினோராவது நாள், இறக்கத்தில் திரும்பும்போது ஹேண்டில்பார் மொத்தமாக அண்ணன் கையோடு வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கால் இன்றைக்கும் இழுத்துக்கொண்டுதான் நடக்கும். நிர்வாகம் அவரை ஸ்டோரில் உட்கார வைத்தது. அவர் அதையும் வேடிக்கையாகவே சொல்வார், இந்த ஊரிலேயே ஹேண்டில்பாரோடு பறந்தவன் தான் ஒருவன்தான் என்று. அக்கா அந்த வேடிக்கைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. அடுத்த மாதமே பட்டறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இருபத்தைந்து வருடம் அந்தக் கோட்டைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது.

பழைய கழுத்துக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஓட்டுகிறவரின் வியர்வையும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கி, துரு பிடித்து, தண்டும் குழாயும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகிவிடும். சுத்தியலுக்கும் அசையாது, எண்ணெய்க்கும் மசியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி அறுத்த ஒன்றில் குழாய் உள்ளேயே பாதி தூரம் கிழிந்திருந்தது. வெளியே பெயிண்ட் மினுமினுவென்று இருந்தது. அதை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தார் அக்கா. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை மணிக்கொருமுறை போனில் பிடித்தார்கள். புது மாடல் வண்டி வாங்கலாமா, பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்.

அக்கா இரண்டு வாரம் மெனக்கெட்டு நான்கு பக்கம் எழுதினார். புது வகையில் தண்டு உள்ளே இறங்காது. ஃபோர்க்கின் குழாயே மேலே வரை வரும், கழுத்து அதை வெளியிலிருந்து கட்டிப்பிடிக்கும். பின்னால் இரண்டு போல்ட், முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற தகட்டில் நான்கு போல்ட். ஒளிவு மறைவு கிடையாது, பிடிமானம் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். கோட்டைத் தாண்டி இழுக்க வழியே இல்லை, துரு பிடித்து ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை. குறை என்று பார்த்தால், நினைத்தபடி உயர்த்த முடியாது, அடியில் வளையம் வைத்த அளவுதான் உயரம். உச்சியில் இருக்கிற போல்ட்டைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். அது எதையும் பிடித்து நிறுத்துவதில்லை, உள்ளே இருக்கிற பேரிங் குண்டுகளின் ஆட்டத்தை எடுக்க மட்டும்தான். கடைசி வரியாக, முன் தகடு மெல்லியது, சோதித்து முத்திரை போட்டதை மட்டும் வாங்கவும் என்று எழுதி அடிக்கோடும் போட்டார். மேனேஜர் முதல் பக்கத்தைப் படித்தார். மேலே இருந்தவர்கள் அதையும் படித்தார்களா தெரியாது.

முதலில் இருபது வண்டி வந்தது. சோதித்த முத்திரையாகத் தகட்டின் அடியில் புடைத்த எண்கள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனார். பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த இரும்பு அறுக்கும் வாளைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார், இனி இதற்கு வேலை இல்லை என்று. நான்கு மாதம் கழித்து இன்னும் முப்பத்தைந்து வண்டி வந்தது. கூடவே பெட்டியில் உபரியாக ஒரு கழுத்து. ஆக முப்பத்தாறு. அதே நிறம், அதே வடிவம். தகட்டின் அடி மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. எண் எதுவும் இல்லை. அண்ணனிடம் கேட்டதற்கு, ஆபீஸில் வாங்கினார்கள், நான் இறக்கி வைத்தேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உபரியை ஸ்டோரின் மேல்தட்டில் போட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் சத்தம் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது, எழுந்து நின்று மிதித்தால், டிக். மறுபடி மிதித்தால், டிக். ஓட்டுகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுக்காரர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர், எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார், வண்டியே தனக்குத் தாளம் போடுகிறது என்று சொல்லித் திரிந்தார். அக்கா ஒவ்வொரு வண்டியாக முன் தகட்டைக் கழற்றித் துடைத்து, அளவு ரெஞ்சால் நான்கு போல்ட்டையும் ஒரே இறுக்கத்தில் இறுக்கி, தேதி போட்டு நோட்டில் எழுதினார். அந்த ரெஞ்ச் குறித்த அளவு வந்ததும் டக் என்று விட்டுக்கொடுத்துவிடும், அதற்கு மேல் இறுக்க விடாது. இரண்டு நாள் சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் திரும்பி வரும். எண் போட்ட இருபது வண்டிகளில் மட்டும் சத்தம் இல்லை என்பதை அவர் கவனித்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வாங்கி வந்தார். தகட்டில் மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். எதற்கு என்று கேட்டேன். சும்மா நின்று பாருங்கள் என்றார். பார்த்தேன். வெள்ளைப் பூச்சின் மேல், மேல்மூலை போல்ட்டுக்குப் பக்கத்திலிருந்து, ஒரு ஈரக்கோடு தானாக எழுந்து வந்தது. யாரோ உள்ளேயிருந்து எழுதுகிற மாதிரி, மெதுவாக, குறுக்கே. உலோகத்தில் விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் இப்படித்தான் திரும்பிக் கசியுமாம். அன்று ஆறு வண்டி பார்த்தார். மூன்றில் கோடு எழுந்தது.

அந்த மூன்றையும் ஓரமாக நிறுத்திவிட்டு மேனேஜரிடம் போனார். ஹாலுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே கேட்டது.

"மூணு வண்டியில விரிசல் இருக்கு சார். மத்ததையும் நிறுத்திட்டுப் பார்க்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒழுங்கா பார்த்தா நாலு நாள். ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல சார். மொத்தத்தையும் மாத்தணும்."

"வண்டி நின்னா மருந்து நிக்கும்மா. மாசக் கடைசி வரைக்கும் எப்படியாவது ஓட்டுங்க, மேல பேசிப் பார்க்கிறேன். இதுவரைக்கும் யாரும் விழலையே."

ஞாயிறு விடுமுறை. அக்கா வீட்டில் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டில்தான் இருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும், என்ன செய்வதாக இருந்தாலும் செய்துவிட்டு வா, வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் ஹாலுக்கு வந்தபோது தகரக் கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன், கால் அப்படியே நின்றுவிட்டது. வரிசையாக நின்ற வண்டிகளில் ஹேண்டில்பார்கள் எல்லாம் கழன்று, பிரேக் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. தலை தொங்கின மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. நடுவே அக்கா ஒரு தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பா நிறையப் போல்ட். எண் போட்ட இருபது வண்டிகளை மட்டும் தொடவில்லை.

டப்பாவை மூடிவிட்டு, கழற்றிய வண்டிகளை எண்ணச் சொன்னார். எண்ணினேன். முப்பத்துநான்கு. அவரும் எண்ணினார். முப்பத்துநான்குதான், ஒன்று குறைந்தது.

அண்ணன் அப்போதுதான் கையெழுத்து நோட்டோடு காலை இழுத்துக்கொண்டு வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருத்துவமனையிலிருந்து அவசரமாகக் கேட்டார்கள், நீ வருவதற்கு முன்பே, ஐந்து மணிக்கே, பாட்டுக்காரரை அனுப்பிவிட்டேன் என்றார். எந்த வண்டி என்று அக்கா கேட்டார். அண்ணன் நோட்டைப் பார்த்தார். அவர் முகம் செத்துப் போனது.

பாட்டுக்காரருக்குப் போன் அடித்தோம், அவர் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கழித்துப்போட வைத்திருந்த பழைய வண்டி ஒன்று மூலையில் நின்றது. அக்கா அதில் ஏறினார். மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்தடித்து ஓட்டினார். கண்ணுக்கு எதிரே ரோடு தெரியவில்லை, அண்ணன் பறந்த அந்தத் திருப்பம்தான் தெரிந்தது என்று பிறகு சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

பாலத்து இறக்கத்தின் பாதியில் பாட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழி. முகத்தில் பாட்டு இல்லை.

"என்னன்னு தெரியல அக்கா. இறங்கும்போது கை லேசா கீழ போன மாதிரி இருந்துச்சு. பின்னாடி பஸ்ஸு வேற. எதுக்கு வம்புன்னு இறங்கிட்டேன்."

அக்கா நடைபாதையிலேயே முழங்காலிட்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். நான்காவது போல்ட் வெளியே வந்ததும் முன் தகடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு துண்டாக விழுந்தது. பாட்டுக்காரர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

இத்தோடு முடிந்திருந்தால் அக்காவுக்கு யாராவது நன்றி சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்று இருபது வண்டிகள்தான் ஓடின. மேனேஜர் வாடகைக்கு வேன்கள் பிடித்தும் பாதிப் பெட்டிகள் மதியம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தன. மேட்டுத் தெரு ஒன்றில், சர்க்கரை நோய் முற்றிய ஓர் அம்மாவுக்கு ஊசி மருந்து சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் போனது. அதற்குள் அவர் நினைவு தப்பி விழுந்துவிட்டார். ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். இரண்டாம் நாள் அவர் மகன் டிப்போவுக்கு வந்தார். கத்தவில்லை. தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க நட்டு போல்ட்டுக்கு எங்கம்மா உயிர்தான் கிடைச்சுதா?"

அக்கா வார்டு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் போனார். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் காலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வண்டி விற்றவர்கள் ஆள் அனுப்பினார்கள். உடைந்த துண்டைப் பார்த்த அந்த ஆள், போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்த விரிசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் நோட்டைக் காட்டியபோது, அவரே எழுதிய கணக்கு அவருக்கே சாட்சியா என்று கேட்டார்களாம். பழியை அப்படியே அவர் தலையில் கட்ட ஒரு கடிதம் தயாரானது. பட்டறையின் கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில் மேனேஜர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை டீ கொண்டுவரச் சொன்னார்கள், அதனால் நானும் உள்ளே இருந்தேன். அக்கா கடிதத்தை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்போது அண்ணன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஒரு கையில் ஒரு அட்டைப் பெட்டி, இன்னொரு கையில் இரும்பு அறுக்கும் வாள். பெட்டியைப் பிரித்தார். மேல்தட்டில் கிடந்த அந்த உபரிக் கழுத்து. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாதது.

"இதை எந்த வண்டியிலயும் மாட்டல. இதுல யாரும் போல்ட்டே போடல. இதையும் என் தங்கச்சி இறுக்கிட்டாளா பார்ப்போம்."

யாரும் தடுப்பதற்குள் கழுத்தை ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்து அறுக்க ஆரம்பித்தார். ஒற்றைக் கண்ணோடு, காலை அகட்டி வைத்துக்கொண்டு. அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான். துண்டு தனியாக வந்ததும் அதை மேசையில் வைத்தார். அறுத்த முகம் முழுக்கக் குட்டிக் குட்டி ஓட்டைகள். பழைய ரொட்டியைப் பிளந்த மாதிரி. உருக்கி ஊற்றும்போதே உள்ளே காற்று தங்கியிருக்கிறது. விரிசலுக்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அண்ணன் அதோடு நிற்கவில்லை. வந்து இறங்கிய அன்றே ஒவ்வொரு கழுத்தும் எடை குறைவாக இருந்தது தனக்குத் தெரியும் என்றார். தராசில் போட்டுப் பார்த்ததாகவும், மேனேஜர் அதை எழுத வேண்டாம் என்றதும் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். மேனேஜர் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கிட்ட சொல்லியிருக்கணும் பாப்பா," என்றார் அண்ணன். "இந்த வேலையும் போனா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

நாற்பத்தேழு வயதுத் தங்கையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கடிதத்தை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டில் இருவரும் மறுபடி பேச ஒரு மாதம் ஆனது. சாப்பாட்டுத் தட்டை வைப்பார், பேச மாட்டார். பிறகு ஒரு நாள், ஏன் இன்னும் கண்ணுக்கு மருந்து போடவில்லை என்று திட்டினார். அதிலிருந்து சரியாகிவிட்டது.

வேலை திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜர் வேறு கிளைக்குப் போனார். முப்பத்தைந்து வண்டிகளுக்கும் முத்திரை போட்ட கழுத்துகள் வந்தன. பழுதானவை பட்டறை மூலையில் சாக்குகளில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுவிட வேண்டும், முழுசாக வெளியே விடக் கூடாது என்று அக்கா எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை. முழுசாகத் திருப்பினால்தான் விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். ஒரு மதியம் டெம்போ வந்தது. உடைந்ததும் அறுத்ததும் போக முப்பத்துநான்கு கழுத்துகள். அக்கா வாசல் வரை கூடவே போய், டெம்போ தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தார்.

எட்டு மாதம் கழித்துச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சிக்னலில் நின்றிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் சைக்கிளில், பின்னால் பள்ளிக்கூடப் பையோடு சின்னப் பெண். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கழுத்தில் அதே நிறம், அதே வடிவம். குனிந்து தகட்டின் அடியைப் பார்த்தார். மொழுமொழுவென்று இருந்தது.

"ஒரு நிமிஷம் இறங்குங்க," என்றார்.

அந்த மனிதர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். மூன்றாவது தெருவில் பிடித்தார். பைத்தியமோ என்று அந்த மனிதர் பயந்துபோய்க் குழந்தையை இறக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். எப்படியோ பேசிப் புரிய வைத்து, வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, கழுத்தை மாற்றிக் கொடுத்து அனுப்பினார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, கடைத்தெருவில், தள்ளுபடியில் என்றார்.

அந்தக் கடையில் போய்க் கேட்டோம். இரண்டு பெட்டி வந்தது, எப்போதோ விற்றுப்போய்விட்டது, யார் வாங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள்.

இப்போது அக்கா எங்கே போனாலும் ரோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஓடுகிற சைக்கிள்களின் கழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடியே நடக்கிறார். இரண்டு வருடம் ஆகிவிட்டது. முப்பத்துநான்கில் இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன.